அறுபத்து நான்காவது குப்பி

காவல் மாத்திரை வந்த புதிதில் ஈரோட்டுக்காரர்கள் அதை மருந்தாக நினைக்கவில்லை, வீட்டு நாயாக நினைத்தார்கள். தப்புச் சொல்ல முடியாது, அதன் வேலை அப்படி. அவரவர் மலத்தில் ஒரு கடுகளவு எடுத்துக் குப்பியில் அடைத்துக் கொடுத்தால் போதும். அதில் உயிரோடிருக்கும் நுண்ணுயிர்களையே ஆய்வுக்கூடத்தில் பழக்கி, மூன்று வாரத்தில் ஒரு மாத்திரைக்குள் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விழுங்கினால் அவை தம் பழைய வீட்டுக்கே போய்ப் பெருங்குடலில் குடியேறி இரண்டு வருடம் காவல் காக்கும். குடலில் எங்கேயாவது புற்று முளைவிட்டால், ஸ்கேனுக்குக்கூடத் தெரியாத அளவில் இருக்கும்போதே, காலையில் போகிற மலம் நீலமாகிவிடும். நீலம் பார்த்தவர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், அங்கே முளையிலேயே கிள்ளிவிடுவார்கள். சனிக்கிழமை படுத்தவர் திங்கட்கிழமை கடை திறந்த கதையெல்லாம் உண்டு.

சனங்கள் நலம் விசாரிக்கிற முறையே மாறிப்போனது. காலை நடையில் எதிர்ப்படுகிறவரிடம் 'சாப்பிட்டாச்சுங்களா' என்று கேட்பது போய், 'நீலமெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே' என்று கேட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு பெண்ணின் அப்பா அம்மாவுடைய காவல் சீட்டையும் வாங்கிப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து வயது தாண்டிய எல்லோரும் குப்பி கொடுத்துவிட்ட குடியிருப்புக்கு 'முழுக் காவல் குடியிருப்பு' என்று ஒரு பித்தளைப் பலகை தரப்போவதாகச் சுகாதாரத் துறை அறிவித்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பெரியவலசுப் பக்கம் ஓர் அடுக்ககம். அதன் சங்கச் செயலாளர் தண்டபாணி, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருடம் அவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓதிய மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை, வெறும் தாளுக்குக் கடவுளே வந்தாலும் மார்க் போட முடியாது. பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவருக்குப் பல்லிடுக்கில் பாக்குத் துகள் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். கல்வி அதிகாரி வருகிற நாளில் வராத பிள்ளைக்கும் வருகை போட்டிருக்கிறார். பிள்ளை நாளைக்கு வந்துவிடும், அதிகாரி நாளைக்கு வரமாட்டார் என்பது அவர் நியாயம். நல்ல மனிதர்தான். பத்து பைசாவுக்குக் கை நீட்டியதில்லை. ஆனால் நூற்றுக்கு நூறு என்றால் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிடும்.

அடுக்ககத்தில் நாற்பத்தைந்து தாண்டியவர்கள் அறுபத்து நான்கு பேர். பேருக்கு ஒரு கட்டமாகப் பட்டியல் போட்டுக்கொண்டு, தண்டபாணி காலை ஆறரைக்கே கதவு தட்ட ஆரம்பித்தார். அதட்டமாட்டார், வாசலில் நிற்பார். "என்னுங்க, ஆச்சுங்களா?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, ஆகும்வரை நிற்பார். மூன்றாம் மாடி ஜவுளிக்காரர் மலச்சிக்கல் என்று சொல்லி நாலு நாள் தப்பித்தார். ஐந்தாம் நாள் இவர் நாற்காலியே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்ததும், பத்தே நிமிடத்தில் குப்பியோடு வந்துவிட்டார். எப்படியும் வரும், நாம்தான் விடாமல் கேட்க வேண்டும் என்று தண்டபாணி அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். கடைசி வாரம் கொடுக்கப்போகிற தம்முடையதையும் சேர்த்து அறுபத்து மூன்று கட்டம் நிறைந்தது. மிச்சமிருந்த ஒன்று அவர் மனைவி கோகிலவாணி.

ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான் போலும். கோகிலவாணி ஒன்றும் படிக்காதவள் இல்லை. தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள், ஊர்க்காரர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவள். குப்பி அவளுக்கு அருவருப்பு இல்லை. கஷ்டம் அதற்கு அடுத்த படியில் இருந்தது. நுண்ணுயிர்கள் சாகாமல் இருக்க, குப்பியை எடுத்துப்போக ஆள் வருகிற வியாழக்கிழமை வரைக்கும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். கோகிலவாணியின் ஃபிரிட்ஜோ வெள்ளிக்கு வெள்ளி மஞ்சள் தண்ணீர் தொட்டுத் துடைக்கப்படுவது. கறி எடுத்தால்கூட அன்றைக்கே சமைத்துத் தீர்க்க வேண்டும், அந்தப் பெட்டிக்குள் போகாது. தயிர், மாவு, சாமிக்கு வாங்கிய பூ, இவ்வளவுதான் அதில்.

"தயிரும் மாவும் வெக்கற பொட்டிக்குள்ள அதையுங் கொண்டாந்து வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். "வேற என்ன வேணும்னாலுஞ் சொல்லுங்க, செய்யறேன். இது ஆகாதுங்க."

தண்டபாணி அறிவியல் சொன்னார். மூன்று மூடி போட்டது, சொட்டுக்கூடக் கசியாது, மற்ற எல்லார் வீட்டிலும் வைத்திருக்கிறார்கள் என்றார். பத்தாம்பசலி என்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேறெங்கே வைக்கலாம் என்று ஒரே ஒரு தரம் கேட்டிருக்கலாம். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவருக்கு அந்தக் கேள்வி மட்டும் வாயில் வரவில்லை.

கெடு முடிகிற வாரம், புதன்கிழமை காலையில், தண்டபாணி குளியலறைக்குள் இரண்டு குப்பியோடு போனார். இரண்டும் அவருடையதே. ஒன்றில் தம் பெயரையும் இன்னொன்றில் மனைவி பெயரையும் தம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். ஓர் எவர்சில்வர் டப்பாவுக்குள் இரண்டையும் வைத்து மூடி, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கீரைக்கட்டுக்குப் பின்னால் தள்ளினார். அதிகாரி வருகிற நாளைக்கு வருகை போடுகிறோம், அடுத்த சுற்றில் இவளைச் சரிக்கட்டி உண்மையாகவே கொடுக்க வைத்துவிடலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். மறுநாள், குப்பி சேகரிக்கும் முபீனா வந்து இரண்டிலும் சீட்டு ஒட்டி வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். "நம்ம ஏரியாவுலயே உங்களுதுதான் முதல்ல முடிஞ்சது சார்," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோகிலவாணி ஒரு சட்டி தயிரையும் முழுத் தூக்கு மாவையும் கீழே கொட்டினாள். ஏன் என்று கேட்டதற்கு, புளித்துப்போச்சு என்றாள். முந்தாநாள் சாயந்தரம்தான் ஆட்டிக் குளிரில் வைத்த மாவு. தண்டபாணிக்கு அது உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மாத்திரைகள் வந்தன. அவள் தன்னுடையதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது என்னோடதுங்களா?" என்று கேட்டாள். உன் பேர்தான் போட்டிருக்கிறதே என்றார் அவர். அவள் தண்ணீரை வாங்கிக் குடித்து விழுங்கினாள்.

பலகை வந்தது. மாவட்டத்திலேயே முதல் பலகை. கேட்டில் திருகாணி வைத்து முடுக்கிய அன்று பந்தல் போட்டு, கேசரி கொடுத்து, தண்டபாணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோவில் கோகிலவாணியும் பக்கத்தில் நிற்கிறாள், கேசரித் தட்டோடு, லேசாகச் சிரித்துக்கொண்டு.

ஒரு வருடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடம் ஐப்பசியில் அவள் ரவிக்கைகள் தொளதொளவென்று ஆயின. மாடி ஏறினால் மூச்சு வாங்கினாள். சோற்றைப் பிசைந்துவிட்டுக் கை கழுவினாள். அடிக்கடி குளியலறைக்குப் போய் வெகுநேரம் இருந்தாள். ஒருநாள் அங்கே தரையில் ரத்தத் துளி கிடந்தது. தண்டபாணி என்ன என்று விசாரித்தால், அவள் முகத்தைத் திருப்பாமலே, "நீலம் இல்லீங்களே, அப்பறம் என்ன?" என்பாள். ஊரே சொல்கிற பேச்சுத்தான். அவர் மட்டும் அதைக் கேட்டதும் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வார். மூலமாக இருக்கும், வயசு ஆகிறதல்லவா என்று தம்மையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒருநாள் மனசு கேட்காமல் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போனது நிஜம், டோக்கன்கூட வாங்கினார்கள், நாற்பத்தொன்று. சீட்டுக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த பெண், காவல் எண்ணைக் கேட்டுவிட்டு, வயிற்றுக் கோளாறு என்றால் முதலில் புதிதாக ஒரு மாதிரி எடுத்துப் பழைய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம், காவல் உயிரோடு இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும் என்றாள். தண்டபாணி கையிலிருந்த டோக்கனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்டில் தொங்குகிற பலகை கண்ணில் தெரிந்தது. கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். "கூட்டமா இருக்குதுங்க, இன்னொரு நாளைக்கு வரலாம்," என்றாள். கூட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. சரி என்று சொல்லிவிட்டார். ஆட்டோவில் திரும்பி வரும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது அவருக்கு. குப்பியில் செய்த தப்பைக்கூடப் பிற்பாடு ஒருவேளை தமக்கே மன்னித்திருப்பார், அந்த ஆட்டோவில் வந்த நிம்மதியை அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவள் அடுக்களையில் மயங்கி விழுந்தாள்.

டாக்டர் தன்விகாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். காவல் மாத்திரை வந்தபின் வேலைக்குச் சேர்ந்தவள், இவ்வளவு முற்றிய பெருங்குடல் புற்றைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஈரல்வரை பரவிவிட்டது. தண்டபாணியை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எங்களுக்கே புரியல சார். ஒரு வருஷம் முன்னாடியே நீலம் வந்திருக்கணும். அம்மா வயித்துல தேடிப் பார்த்தோம், காவல் ஒண்ணுகூட இல்ல. உள்ள போய்ப் பத்து நாளுக்குள்ளயே செத்துப்போயிருக்கும்."

"ஏன் சாகோணும்?" என்றார் தண்டபாணி. கேட்டிருக்க வேண்டாம்.

"அதுங்களுக்குப் பிறந்த வீடு தவிர வேற வீடு ஆகாது சார். உங்க வயித்துல வளர்ந்தது எனக்குள்ள போனா ஒட்டாது, என் உடம்பு அதை அந்நியன்னு அடிச்சுத் துரத்திரும். ஆய்வுக்கூடத்துல அம்மா பேர்ல இருக்கற பழைய மாதிரியை எடுத்துப் பார்த்தோம். அது அம்மாவோடதே இல்ல. ஏதோ ஒரு ஆம்பளையோடது." டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சீட்டு ஒட்டறப்ப மாத்தி ஒட்டியிருக்காங்க. ஒரு சின்னக் கவனக்குறைவு, பாருங்க, ஒரு உயிரு. நாங்க எழுதிட்டோம் சார், விசாரணை வரும்."

விசாரணை மூன்றாம் நாளே வந்துவிட்டது. சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு அதிகாரிகள், அவர்கள் பின்னால் முபீனா. அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். வார்டில் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒவ்வொரு வாசல்லயும் பேரைப் படிச்சுப் பார்த்துத்தான் ஒட்டுனேன்," என்று மெல்லிய குரலில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன் நாலாயிரம் குப்பிக்குச் சீட்டு ஒட்டியிருக்கிறாய், இதில் ஒன்று மாறவே இல்லை என்று எப்படிச் சத்தியம் பண்ணுவாய் என்று அதிகாரி கேட்டார். பதில் வைத்திருந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

தண்டபாணி வாயைத் திறக்கத்தான் இருந்தார். பின்னாளில் தம்மிடமே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஆனால் எதிரே சுவரில் கடிகாரம் இருந்தது, அதிகாரிகள் வந்து நின்று நாலு நிமிடம் ஆகியிருந்தது. உண்மையைச் சொல்ல நாலு நிமிடம் ஒன்றும் குறைச்சல் இல்லை.

"அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க," என்றாள் கோகிலவாணி.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் தலையணையில் கொஞ்சம் ஏறி உட்கார்ந்தாள்.

"நாந்தானுங்க பண்ணுனேன். எனக்கு அது அசிங்கமா இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரரோடதுல கொஞ்சம் எடுத்து என்ற குப்பியில வெச்சு அடைச்சுக் குடுத்துட்டேன். அவருக்குத் தெரியாது. வேணும்னா ஒப்பிட்டுப் பாத்துக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். முபீனா அவள் காலைத் தொட்டு, அப்படியே கால்மாட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். இன்னொரு அதிகாரி கையடக்கத் திரையை நீட்டி, மாதிரி உங்களுடையதுதானா என்று ஒப்பிட உங்கள் சம்மதம் வேண்டும் என்று தண்டபாணியிடம் பணிவாகச் சொன்னார். தண்டபாணி கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான கையெழுத்து, அப்போதும் கோணவில்லை. அரை நிமிடத்தில் பொருந்திவிட்டது. படித்த அம்மாவே இப்படிப் பண்ணலாமா என்று அதிகாரி லேசாகக் கடிந்துவிட்டு, வருத்தம் தெரிவித்துப் போனார். வேலியே பயிரை மேய்ந்ததும் இல்லாமல், பயிர் ஏற்றுக்கொண்ட பழிக்குக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

அவர்கள் போனபின் அவள்தான் ஆரம்பித்தாள்.

"என்ற ஃபிரிட்ஜுல ஒரு கொத்தமல்லிக் கட்டு எடம் மாறுனாலும் எனக்குத் தெரியுமுங்க. டப்பாவத் தொறந்து பாத்தேன். ரெண்டு குப்பி. என்ற பேரு உங்க கையெழுத்துல."

அந்தத் தயிரும் மாவும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தன. "அன்னிக்கே கேட்டிருக்கலாமில்ல வாணி," என்றார். "சண்டை போட்டிருக்கலாமில்ல. மாத்திரைய எம்மூஞ்சில வீசியிருக்கலாமில்ல."

"உங்க கட்டம் நெறைஞ்சிருச்சு, அத்தோட போச்சுன்னு இருந்தேன். இப்படி ஆகும்னு ஆரு கண்டா."

"ரத்தம் போனப்பவாவது..."

"போனமே. டோக்கன் வாங்குனமே." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "அந்தப் புள்ள ஒப்பிட்டுப் பாக்கோணும்னு சொன்னப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். உங்க மூஞ்சி அப்படி ஆகி நான் பாத்ததில்ல. கேட்டுல பலகை தொங்குது. வாத்தியார்னு ஊரே கும்புடுது. எப்படிங்க உள்ள போறது?"

தண்டபாணி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அறுபத்து மூன்று வயசுக்கு அப்படி அழுதது அவருக்கே புதிதாக இருந்தது. அவள் கை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

"எல்லாத்தையும் நீங்களே தூக்கி வெச்சுக்காதீங்க. எனக்கும் பயந்தான். என்னமோ இருக்குதுன்னு தெரிஞ்சிருச்சு. பாக்காம இருக்கறதுக்கு ஒரு சாக்குக் கெடைச்சுது, பிடிச்சுக்கிட்டேன்."

நாளைக்கே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றார் அவர். அவள் வேண்டாம் என்றாள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதையே பேசுவார்கள், எனக்குக் கேட்கத் தெம்பில்லை, நான் இருக்கிறவரை சொல்ல வேண்டாம் என்றாள். அப்புறம் என்று அவர் கேட்டதற்கு, "அப்பறம் உங்க இஷ்டம்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏழு வாரம் இருந்தாள். துபாயிலிருந்து மகள் வந்து பார்த்துக்கொண்டாள். மகளிடமும் சொல்லவில்லை. அம்மா ஏன் இப்படிப் பண்ணினாய் என்று மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதெல்லாம், கோகிலவாணி கூரையைப் பார்த்துச் சிரித்தாள். தண்டபாணி எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். ஆடி பிறந்த வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள். அடுக்ககமே கூடி எடுத்துச் செய்தது. குப்பியை மாற்றிவைத்துத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்ட மகராசி என்று துக்கம் கேட்க வந்தவர்கள் தாழ்வாரத்தில் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

அடுத்த சுற்று அறிவிப்பு புரட்டாசியில் வந்தது. சங்கக் கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவையும் பலகையை விட்டுவிடக் கூடாது, சார்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று யாரோ பேசி முடித்ததும் தண்டபாணி எழுந்தார். மகளிடம் முந்தின நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவள் பாதியில் தொடர்பைத் துண்டித்துவிட்டாள். இங்கே துண்டிக்க யாரும் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து டோக்கன்வரை, டோக்கனிலிருந்து கையெழுத்துவரை, ஒன்றும் விடாமல் வகுப்பெடுக்கிற குரலில் சொன்னார். முபீனாவின் மேலதிகாரிக்கும் எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். சொல்லி முடித்து, காறித் துப்பப் போகிறவர்களுக்காக அப்படியே நின்றார்.

யாரும் துப்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அதுதான் அவருக்கு விளங்கவில்லை.

அன்று சாயந்தரம் மூன்றாம் மாடி ஜவுளிக்காரர் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "என்னோடதும் என்னோடது இல்லீங்க சார். தம்பியோடது. நீங்க நாற்காலி போட்டு உக்காந்துட்டீங்க, எனக்கு வேற வழி தெரியல," என்றார். அவர் போய்ச் சற்று நேரத்தில் இரண்டாம் மாடிக் கணவனும் மனைவியும் வந்தார்கள், இருவருக்கும் சேர்த்து ஒரே ஆளுடையது. மறுநாள் இன்னும் நாலு பேர். அந்த வாரம் முடிவதற்குள் தண்டபாணி எண்ணிப் பார்த்தபோது கோகிலவாணியோடு சேர்த்துப் பதினொன்று. இரண்டு வருடமாக 'நீலம் இல்லீங்களே' என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு, காவலே இல்லாத வயிறுகளோடு நடமாடியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்ன மந்திரத்தை அவர் இவர்களுக்குச் சொல்லவில்லை, வாசலில் போய் நின்றதே போதுமாக இருந்திருக்கிறது.

ஒவ்வொருவரிடமும் அவர் அதே கேள்வியைக் கேட்டார், காலம் போன பிறகு கற்றுக்கொண்ட கேள்வி: ஏன் கொடுக்க முடியவில்லை? ஒருவருக்கு வயிற்றில் ஏதாவது இருந்துவிட்டால் என்ற பயம். ஒருவருக்கு வீட்டில் மருமகள் இருக்கிற கூச்சம். மற்றபடி எட்டுப் பேர் சொன்னது ஒன்றுதான். சோறு வைக்கிற பெட்டிக்குள் அதை எப்படி வைப்பது?

தண்டபாணி பழைய ஜூஸ் கடைக் குளிர்பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் மீட்டர் அறைக்குள் வைத்தார். பூட்டுப் போட்டு வீட்டுக்கு ஒரு சாவி கொடுத்தார், கதவில் ஒன்றும் எழுதவில்லை. யார் எப்போது வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யார் வாசலிலும் அவர் போய் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே இந்தப் பெட்டி வந்திருக்கும். அதை நினைத்துக்கொண்டு அவர் மீட்டர் அறைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை, பழைய வேலையில் மறுபடி சேர்ந்திருந்த முபீனா வந்தாள். அவளுக்கு விஷயம் எல்லாம் தெரியும். அவர்மேல் கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து குப்பி ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டு ஒட்டினாள். அறுபத்து மூன்று. கையிலிருந்த திரையில் பட்டியலைக் கடைசிவரை தள்ளிப் பார்த்தவள் தயங்கினாள்.

"அம்மா பேரு இன்னும் இதுல இருக்குது சார். ஆபீஸுல எடுக்கல." திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "இறந்துட்டாங்கன்னு இங்கயே ஒரு தட்டுத் தட்டுனா பேரு போயிரும். அறுபத்து மூணுக்கு அறுபத்து மூணு ஆயிரும். உங்களுக்கு நூத்துக்கு நூறு."

பலகை கேட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. துறை இன்னும் கழற்றச் சொல்லவில்லை. தண்டபாணி திரையை வாங்கிப் பார்த்தார். அறுபத்து மூன்று பச்சைக் கட்டங்கள், அடியில் ஒரு வெள்ளைக் கட்டம், அதன் பக்கத்தில் அவள் பெயர்.

"இறந்துட்டான்னு நாளைக்கு நானே வந்து ஆபீஸுல எழுதிக் குடுக்கறேம்மா," என்றார். "இந்தச் சுத்துல அந்தக் கட்டம் வெறுமனே இருக்கட்டும். அவ குடுக்கல. அன்னைக்கும் குடுக்கல."

முபீனா சரி என்று திரையை அணைத்துக்கொண்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக் கிளம்பினாள். தண்டபாணி குளிர்பெட்டியின் கதவைச் சாத்திப் பூட்டினார்.